எத்தனை வாய்

கிறிஸ்டினாவுக்கு நாத்தனார் மேல் பொறாமை. இதில் மறைத்துப் பேச ஒன்றுமில்லை. சமையல் மேடையில் நாத்தனார் வைத்திருந்த சின்னத் தராசின் மேலும் பொறாமை. உயிரில்லாத சாமானைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரியுமா என்று கேட்பவர்கள், பெற்ற பிள்ளை அடுத்தவள் கையால் மட்டும் சாப்பிடுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளை ஜெரால்டுக்கு ஆறு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. கடைசியில் சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கீட்டோ சாப்பாடு என்று ஒன்றைச் சொன்னார். சோறு, இட்லி, சர்க்கரை கூடாது. வெண்ணெய், தேங்காய் எண்ணெய், முட்டை, துருவின காலிஃபிளவர், எல்லாம் கிராம் கணக்கில் நிறுத்துத்தான். உடம்பு கொழுப்பை எரித்து வாழப் பழகினால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்கும் என்றார். அதைக் கற்றுக்கொள்ள ஒருத்தர் பிள்ளையோடு தங்க வேண்டும். கிறிஸ்டினாவுக்கு, அவள் வேலை பார்த்த தேர்வாய் கண்டிகை கம்பெனியில் லீவு தரவில்லை. கல்யாணமாகாத நாத்தனார் ஜெபா போய்த் தங்கினாள். அத்தோடு பிள்ளை கைமாறிப் போனான்.

ஜெபா கெட்டிக்காரி, அதையும் சொல்லத்தான் வேண்டும். கிண்ணத்தில் ஒட்டின வெண்ணெயைக்கூட வழித்து ஊட்டிவிடுவாள். அவன் எதிரில் யாரும் சோறு தின்னக் கூடாது என்று வீட்டுக்கே சட்டம் போட்டாள். வலிப்பு குறைந்துகொண்டே வந்து, கிறிஸ்துமஸுக்குப் பிறகு அறவே நின்றது. கிறிஸ்டினா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தில் பாதியைப் பொறாமை தின்றது.

"ஜெபா இல்லன்னா அந்தப் புள்ள இன்னா ஆயிருக்கும்" என்று சர்ச் வாசலில் பேசிக்கொண்டார்கள். போன மாதம் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ் ஜெபாவைப் பார்த்து, "அம்மா மட்டும் உள்ள வாங்க, கூட வந்தவங்க வெளிய இருங்க" என்றாள். கிறிஸ்டினா வெளியே உட்கார்ந்தாள். நான்தான் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெபாவும் சொல்லவில்லை. ரயில் கும்மிடிப்பூண்டி வந்து சேரும்வரை அதையே மென்றுகொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபா திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள்.

"மத்தியானத்துக்கு நிறுத்து டப்பால வெச்சிக்கீறேன் அண்ணி. மிச்சம் வெக்காம குடுத்துடுங்க."

"எனக்குத் தெரியாதா? நான் பெத்த புள்ளதானே."

மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் ஜெரால்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அத்தை வந்து ஊட்டட்டும்" என்றான். கெஞ்சினாள், மிரட்டினாள், மசியவில்லை. ஆத்திரத்தில் தனக்கு ரசம் சோறு போட்டுக்கொண்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள். வாசனைக்கு அவன் நகர்ந்து நகர்ந்து மடியருகே வந்தான்.

"அம்மா, எனக்கு."

ஒரு வாய் என்றுதான் தொடங்கினாள். அவன் விழுங்கிவிட்டு, "உன் கை நல்லாக்கீதும்மா" என்றான். இந்தச் சொல்லுக்காக ஒரு வருஷமாக ஏங்கிக் கிடந்தவள் அவள். அதற்குப் பிறகு எந்த டாக்டரம்மா வந்து தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். தட்டு காலியானது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே சரிந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ராத்திரியே கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த ஜெபா ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூக்கில் அடிக்கும் மருந்தை அடித்தாள். கம்பெனி சேலையோடு கிறிஸ்டினா சுவரோரம் நின்றாள். இழுப்பு அடங்கியது. பிள்ளை கண் விழித்ததும் ஜெபா உடம்பு கொழுப்பை எரிக்கிறதா என்று சோதிக்கும் பட்டையை அவன் சிறுநீரில் நனைத்துப் பார்த்தாள். தினமும் கறுத்துக் காட்டுகிற பட்டை வெளுத்துக் கிடந்தது.

"நேத்து யார்னா எதுனா குடுத்தாங்களா கண்ணு?"

ஜெரால்டு அம்மாவைப் பார்த்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"யாரும் குடுக்கல அத்தை."

அத்தையை விட்டு அவன் அம்மா பக்கம் பேசின முதல் பேச்சு அது. அதுவும் பொய்.

ஜெபாவின் முகம் செத்துப்போனது. தராசை எடுத்து வந்து நீட்டினாள். "நிறுத்ததுல நான்தான் தப்பு பண்ணிட்டேன் அண்ணி. இனிமே நீங்களே பாத்துக்கோங்க. என் கை வேணாம்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பிள்ளையும் தராசும். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் போதும்.

"நான்தான் சோறு ஊட்டினேன்" என்றாள் கிறிஸ்டினா.

ஜெபா கத்துவாள், கை நீட்டுவாள் என்று காத்திருந்தாள். ஜெபா போனை எடுத்தாள்.

"எத்தினி வாயி அண்ணி? டாக்டரம்மா கேப்பாங்கோ."

"எண்ணல."

ஜெபா நம்பரை அழுத்தினாள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பழைய கணக்கிலேயே சாப்பாட்டைத் தொடரச் சொன்னார். அதற்குள் பிள்ளை அத்தை மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். அதைப் பார்த்தபோதும் கிறிஸ்டினாவுக்கு வயிறு எரிந்தது. பொறாமை அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகுமா என்ன. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அவள் போகவில்லை. தராசை மேடையில் வைத்து, கிண்ணத்தை அதன்மேல் வைத்தாள்.

"வெண்ண எத்தினி கிராமு, சொல்லு ஜெபா."