படித்தால் அழியும் ரிஜிஸ்டர்

மெதெர்பெக்கை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஜெர்மனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு பிஷ்கெக்குக்குத் திரும்பி வந்தவன். எங்கள் கம்பெனியில் சேர்ந்ததும் கோட்டைக் கூடக் கழற்றாமல், நெட்வொர்க் சிப்பை ஓட்டுகிற என் டிரைவர் புரோகிராமைத் திறந்து படித்தான். இருபத்திரண்டு வருஷம் நான் ஒற்றை ஆளாக எழுதியது அது. நாங்கள் செய்து விற்ற அத்தனை நெட்வொர்க் பெட்டிகளும் அதை வைத்துத்தான் மூச்சு விட்டன. பத்தே நிமிஷம் படித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், கண்ணாடி மேல்தான் அழுக்கு என்பது மாதிரி.

"எஜே, இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"நீங்க மட்டுமா?"

"இல்ல, குதிரைப்படை வந்து எழுதிட்டுப் போச்சு. நான் மட்டுந்தான்."

"தெரியுது," என்றான்.

வாய் நிறைய எஜே, அதாவது அக்கா, என்று முறை வைத்துக்கொண்டே காலை வாரிவிடுகிற ரகம்.

அவன் கண்ட குற்றம் இதுதான். நெட்வொர்க் சிப்புக்குள் ரிஜிஸ்டர்கள் என்று சின்னச் சின்ன அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஓர் அறையில் எழுதினால் சிப் வேலை செய்யும். இன்னோர் அறையைப் படித்தால் என்ன நடந்தது என்று சொல்லும். நான் அந்தக் கதவுகளை நேராகப் போய்த் தட்டுகிறவள். என் டிரைவரில் நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் தட்டியிருந்தேன். அத்தனையும் மனப்பாடம். கடைசியிலிருந்து முதல்வரைக்கும் தலைகீழாகக்கூடச் சொல்வேன். என் வீட்டுக்காரர் பிறந்த நாள்தான் சில சமயம் நழுவிப்போகும்.

மெதெர்பெக்குக்கு இது காட்டுமிராண்டித்தனம். நடுவில் ஒரு வாயில்காப்பான் வேண்டும் என்றான். 'எழுது', 'படி' என்று இரண்டே இரண்டு வேலை தெரிந்த ஒரு சின்ன அடுக்கு. டிரைவர் அவனிடம்தான் சொல்ல வேண்டும். சிப்பிடம் போய் வருவது அவன் பாடு. பிராசசர் மாறினால் வாயில்காப்பானை மட்டும் மாற்றினால் போதும், டிரைவரில் ஓர் எழுத்தும் தொட வேண்டாம்.

அந்தச் சமயம் பார்த்து பிராசசரும் மாறித் தொலைத்தது. புதிய போர்டில் வந்த சனியன் எண்களை வால்பக்கமிருந்து படிக்கும். நான் நானூற்றுப் பன்னிரண்டு இடத்தையும் கையால் திருத்த உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. கீபோர்டு தேய்ந்து மேஜை தெரிந்தது. மெதெர்பெக் அதே மூன்று வாரத்தில் தன் அடுக்கையும் அதன் மேல் ஒரு புது டிரைவரையும் எழுதி முடித்து, மீதி நேரத்தில் ஜன்னலோரம் நின்று விசிலடித்தான்.

முதலாளி குபானிச் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தான். என்னைவிட நாலு வயது சின்னவன், தொந்தி மட்டும் பத்து வயது பெரியது.

"பெட்டி மலைக் கணவாய்க்குப் போகுது. பனிச்சரிவு பாக்கறவங்களுக்கு. நடுவுல நின்னா அங்க போய் யாரும் அணைச்சுப் போட முடியாது," என்றான். "ரெண்டு டிரைவரையும் ரெண்டு பெட்டில போடுவோம். காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நிக்காம ஓடணும். ரெண்டும் ஓடுச்சுன்னா மெதெரோடதுதான். ஏன்னா அடுத்த வருஷம் இவனுங்க பிராசசரை மறுபடி மாத்துவானுங்க, எஜே மறுபடி மூணு வாரம் உக்காருவாங்க. மெதெரோடது நின்னுபோச்சுன்னா எஜேயோடதுதான். அப்புறம் இந்த அடுக்கு, கிடுக்குன்னு யாரும் பேசக் கூடாது."

"தோத்தவங்க?" என்று கேட்டேன்.

"ஒரு டிரைவருக்கு ஒரு ஆள் போதும் எஜே." என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னான்.

வெளியே வந்ததும் மெதெர்பெக், "பென்ஷன் வாங்கினா காலைல சீக்கிரம் எழுந்திரிக்க வேணாமே, எஜே" என்றான்.

"உனக்கு ஜெர்மனிக்கு டிக்கெட் நான் எடுத்துத் தரேண்டா. ஜன்னலோர சீட்டு. விசிலடிச்சுட்டே போ."

புதன்கிழமை சோதனை. என் பெட்டி மலைப்பாறை மாதிரி ஓடியது. அவனுடையது நாற்பதாவது நிமிஷத்தில் செத்தது. அணைத்துப் போட்டார்கள். மறுபடி செத்தது. அன்றைக்கு மட்டும் ஓராயிரம் தடவை செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைச் சோதிக்கிற அய்சிரெக் எண்ணிப் பார்த்து பதினொரு தடவை என்று எழுதியிருந்தாள். அவளுக்குக் கற்பனை கிடையாது. நான் ஒவ்வொரு சாவுக்கும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினேன்.

குபானிச் பெரிய மனசு பண்ணினான். "நாளைக்கு ஒரு நாள். அதுதான் கடைசி."

மெதெர்பெக் வெளியே சிகரெட் பிடிக்கப் போன நேரம் அவன் எழுதியதை நான் என் திரையில் திறந்தேன். ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. ஐந்து கூட இல்லை, நாலு. கண்டதும் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தில் கூட வந்ததில்லை.

அவனுடைய வாயில்காப்பான் ரொம்ப யோக்கியன். ஓர் அறையில் எதையாவது எழுதினால், அது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில் அதே அறையை உடனே ஒரு தடவை படிப்பான். படித்ததைத் தூக்கிப் போட்டுவிடுவான். பெரிய சிப்புகளில் அது நல்ல பழக்கம். எங்கள் சிப் மலிவுச் சரக்கு. மூன்றாம் எண் அறைக்கு இரண்டு முகம். எழுதினால் அது கட்டளை. படித்தால் 'உனக்குத் தகவல் வந்திருக்கிறது' என்று சிப் வைத்திருக்கும் துண்டுச் சீட்டு. சீட்டை ஒரு தடவைதான் படிக்கலாம், படித்ததும் அழிந்துவிடும். ஆக, வாயில்காப்பான் கட்டளையை உள்ளே கொடுத்துவிட்டு, கையோடு சீட்டைப் படித்துக் கிழித்துப் போடுகிறான். சொல்லியாயிற்று என்று சிப் சும்மா இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று டிரைவர் சும்மா இருக்கிறது. இரண்டும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெட்டி செத்தது.

இதில் தேன் எங்கே என்றால், கோளாறைக் கண்டுபிடிக்க அவன் எல்லா ரிஜிஸ்டரையும் படித்துத் திரையில் அச்சடிக்கச் சொல்லியிருந்தான். தேடத் தேட சீட்டு இன்னும் வேகமாக அழிந்தது. நாற்பது நிமிஷத்தில் செத்தது இருபதில் சாக ஆரம்பித்தது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷ ஜெர்மனியும் அந்தத் தலைக்குள்ளேயே இருந்தது.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு நாள்.

மறுநாள் மதியம் கேண்டீனில் லக்மான் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு அய்சிரெக் எதிரே உட்கார்ந்தேன். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காலையிலிருந்து அவன் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டு விரல் வீங்கியிருந்தது.

"அது ஏன் சாகுதுன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"வேணாம் எஜே. சோறு திங்க விடுங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா போய்ச் சொல்லுங்க."

"அவன்கிட்டயா? அதுக்கு நான் இந்த நூடுல்ஸ்ல தூக்குப் போட்டுக்குவேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து வயித்துக்குள்ள வெச்சிருக்கேன், அய்சிரெக். உப்பிப்போச்சு. உன்கிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

சொன்னேன். சொன்னேன் என்றால், நடித்தே காட்டினேன். உப்பு டப்பாவை சிப்பாக வைத்தேன். கரண்டியை வாயில்காப்பானாக வைத்து, அதன் முழியையும் நடையையும் மெதெர்பெக் மாதிரியே செய்தேன். ரொட்டியைப் பிய்த்துச் சீட்டு பண்ணி, கரண்டி அதைப் படித்துவிட்டு விழுங்குவதைக் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். அய்சிரெக் சிரிக்கவில்லை. தட்டில் பாதி லக்மானை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"எஜே, இன்னிக்கு மட்டும் ஒம்பது தடவ அந்த சுவிட்சை அமுக்கியிருக்கேன்," என்று விரலைத் தூக்கிக் காட்டினாள். "இன்னொரு தடவ அமுக்க மாட்டேன்."

நான் மாடி ஏறி வருவதற்குள் மெதெர்பெக் ஒரே ஒரு வரியை நீக்கிவிட்டான். குபானிச்சின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வெள்ளிக்கிழமை இன்னொரு நாள் வாங்கினான். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டியும் ஒன்பதுக்குத் தொடங்கி ஆறு மணி வரை இமை கொட்டாமல் ஓடின. ஆறு அடித்ததும் குபானிச் என் பெட்டியின் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினான். எனக்கு அது வலிக்கவே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நான் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது மெதெர்பெக் வந்து நின்றான்.

"எஜே, உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"சொல்லல."

"நீ கேட்டியா? வந்த அன்னிக்குப் பத்து நிமிஷம் படிச்சியே, அப்ப கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். டிரைவர்ல அந்த இடத்துல நான் ஏன் திரும்பப் படிக்கலன்னு யோசிச்சியா? கண்ணாடி துடைச்சே."

அவன் காது சிவந்தது. அப்போதாவது போயிருக்கலாம். போகவில்லை.

"இந்த மாதிரி வேற ரிஜிஸ்டர் இருக்கா?"

அந்தச் சிப்பில் அப்படிப்பட்டது எனக்குத் தெரிந்து மூன்றாம் எண் ஒன்றுதான். அட்டைப்பெட்டியை மூடி டேப் ஒட்டினேன். நிதானமாக ஒட்டினேன்.

"இன்னும் பதினொண்ணு இருக்கு," என்றேன்.

"எதெது?"

"மெதெர், உன் வாயில்காப்பானைக் கேளு. அவன்தான் எல்லாக் கதவையும் பாக்கறானே."

படி இறங்கும்போது நான் சிரித்த சிரிப்பில் கட்டிடத்தின் சுண்ணாம்பு உதிர்ந்தது. இல்லாத பதினொன்றைத் தேடி அவன் ஆயுள் முழுக்க அலையப்போகிறான். என் நாற்காலியை எடுத்துக்கொண்டதற்கு அது போதும்.

இது நடந்து நாலு வருஷம். இந்த நவ்ருஸ் பண்டிகைக்குப் போன் அடித்தான். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"எஜே, ஒம்பது கிடைச்சிருச்சு."

"என்ன ஒம்பது?"

"நீங்க சொன்ன பதினொண்ணுல. போன மாசம் கிடைச்சது ரொம்ப விஷமம், குளிர் அதிகமானாதான் காட்டுது. அத்தனையும் அடுக்குக்குள்ளயே கட்டிப் போட்டுட்டேன். கணவாயில நாலு வருஷமா ஒரு பெட்டி கூட நிக்கல. மீதி ரெண்டுக்கு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் குடுங்களேன்."

இருபத்திரண்டு வருஷம் நான் தட்டிய கதவுகள். ஒன்பது. எனக்குத் தெரியாத ஒன்பது! போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. வாயில் இருந்த குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டையைக் கடித்த கடியில் அது பொடியாகிப் போயிற்று.

"எஜே? இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்த ரெண்டும்தான் இருக்கறதுலயே மோசம்," என்றேன். "குறிப்பெல்லாம் கிடையாது. தேடு."