நாற்பத்தெட்டாம் இலக்கக் காட்சிப்பொருள்

பெரியகல்லாற்று அருங்காட்சியக முற்றத்தில் நின்ற யுத்த தாங்கியின் பீரங்கிக் குழாயிலிருந்து, 2010ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். சவர்க்காரம் போட்டால் நுரைத்தது.

அந்த முற்றம் சின்னத்தங்கத்தின் வளவு. 2004 மார்கழியில் கடல் வந்து வீட்டையும் புருஷன் இளையதம்பியையும் ஒரே இழுவையில் கொண்டுபோனது. அவன் தன் கையால் தோண்டிய கிணற்றைத் தூக்க முடியாததால், உப்பை நிரப்பி விட்டுப்போனது. பிறகு, கரையில் யாரும் குடியிருக்கக் கூடாது, ஆபத்து என்றார்கள். ஆபத்துக்குப் பழகியவர்கள் என்பதால் படையினர் மட்டும் குடியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும், முடிந்ததைச் சனங்கள் மறந்துவிடக் கூடாதென்று அங்கே அருங்காட்சியகம் கட்டினார்கள். கைப்பற்றிய துவக்குகள் கண்ணாடிக்குள் போயின. கிணற்றைக் கொங்கிறீற்றால் மூடி, அதன்மேல் தாங்கியை ஏற்றிப் பச்சை வர்ணம் பூசினார்கள். காணியைக் கேட்டுச் சின்னத்தங்கம் எழுதிய மனு எதற்கும் பதில் வரவில்லை. ஆனால் பொதுமக்கள் எவரும் வந்து பார்க்கலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தானும் பொதுமக்களில் ஒருத்திதானே என்று, அந்தச் செவ்வாய்க்கிழமை மகள் வதனியைக் கூட்டிக்கொண்டு, தோய்த்த சேலை உடுத்து, தன் வளவைப் பார்க்கப் போனாள்.

துவக்குகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய்த் தாங்கியின் சங்கிலிச் சக்கரத்தில் கையை வைத்தாள். காவலுக்கு நின்ற சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில் தடுத்தான்.

"அம்மா, தொட வேணாம்."

"இதுக்குக் கீழதான் என்ட கிணறு கிடக்கு மனே. அதைத்தான் தொடுறன்."

குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. வதனி இரு கையாலும் ஏந்திக் குடித்தாள்.

"உப்பில்லம்மா! அப்பா இருக்கக்குள்ள குடிச்ச அதே தண்ணி."

அப்போதுதான் சின்னத்தங்கம் அழுதாள். ஐந்தரை வருடங்களாக அதற்கு அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

கொழும்பிலிருந்து மூன்று பொறியியலாளர்கள் வந்து குழாயை அடைத்தார்கள். அது அடைப்பை வாவிக்குள் சுட்டது. ஒருவருக்கும் காயமில்லாமல் அந்தத் தாங்கி சுட்ட முதல் வேட்டு அதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சின்னத்தங்கம் வராத நாட்களில் ஒரு சொட்டும் வரவில்லை. பவுசர் வண்டியில் வந்த தண்ணீரில் குளித்துச் சலித்த, அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பான மேஜர், மூன்றாம் வாரம் அவளுக்கு ஜீப் அனுப்பினார்.

"ஒவ்வொரு நாளும் என்னால வரேலா. காணியத் தாங்க, இஞ்சயே இருக்கிறன்," என்றாள் அவள்.

மேலிடம் யோசித்துப் பதில் எழுதியது. அருங்காட்சியக நிலத்தில் பொதுமக்கள் குடியிருக்க முடியாது, காட்சிப்பொருட்கள் இருக்கலாம். அப்படியே சின்னத்தங்கம் நாற்பத்தேழாம் இலக்கமாகவும் வதனி நாற்பத்தெட்டாம் இலக்கமாகவும் பதியப்பட்டு, தங்கள் சொந்த வளவில் வீடு கட்டினார்கள். பார்வையாளர் எட்டிப் பார்க்கும்போது தாய் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். மகள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள்.

வதனியைக் கலியாணம் முடித்த உதயரூபன், ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்ததால், நாற்பத்தொன்பது ஆனான். பிள்ளைக்கு ஐம்பது. பேரப்பிள்ளையைக் குளிக்கவார்க்கச் சின்னத்தங்கம் தூக்கிக்கொண்டு வந்தால், பீரங்கிக் குழாய் மெல்லத் தாழ்ந்து, இளஞ்சூடாக ஊற்றும். காவல் நிற்கும் சிப்பாய் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.