மெழுகாமல் விட்ட இடம்

சிலேஷேயின் கொசுக்கள் சாகவில்லை. அந்த ஆறு மாதத்தில் எனக்கு இனித்த ஒரே விஷயம் அதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அக்டோபரில் அரசாங்க ஆட்கள் வந்து வீடுகளின் உட்சுவரில் கொசு மருந்து அடித்துவிட்டுப் போவார்கள். அது எத்தனை மாதம் சுவரில் நிற்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. சுவரில் பிளாஸ்டிக் கூம்பை ஒட்டி, ஆய்வகத்தில் வளர்த்த பத்துக் கொசுக்களைக் குழாயால் அதற்குள் ஊதிவிட வேண்டும். அரை மணி நேரம் கழித்து உறிஞ்சி எடுத்துக் காகிதக் கோப்பையில் வைத்து, மறுநாள் எத்தனை செத்தன என்று எண்ண வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வீடு, என் சொந்த ஊரான சியபோண்டேயில். அவளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலுண்டுவில் பன்னிரண்டு. யாருடைய வேலை சுத்தமோ அவரை ஜொஹானஸ்பர்க்குக்கு மேல்படிப்புக்கு அனுப்புவதாக எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் ஹமுசோண்டே சொல்லியிருந்தார். ஒரே ஓர் இடம்.

சிலேஷே தலைநகர் லுசாகாக்காரி. அப்பா டாக்டர், அம்மா தலைமையாசிரியை. அவள் சாப்பாட்டு மேசையில் கற்ற ஆங்கிலத்தை நான் அடி வாங்கிக் கற்றேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஏழாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவளுடைய ரப்பர் பூட்ஸ் எனக்கு ஆகாது, கையெழுத்து ஆகாது, எல்லாரிடமும் சிரித்துப் பேசுவது சுத்தமாக ஆகாது. லுயாண்டோ என்ற என் பெயரை "லூ" என்று சுருக்கிக் கூப்பிடுவாள். சுருக்கச் சொல்லி யார் கேட்டது?

ஜனவரியிலிருந்து அவளுடைய கொசுக்கள் பத்தில் ஏழு, எட்டு என்று பிழைத்துப் பறந்தன. என்னுடையவை பிப்ரவரியிலும் பத்துக்குப் பத்து செத்தன. ஒரே மருந்து, அடித்தவர்களும் ஒரே ஆட்கள். மெழுகினால் மருந்து மண்ணுக்கு அடியில் போய்விடும் என்பதால் "சுவரை மெழுகினீர்களா?" என்றும் கேட்டு எழுதினோம், அவள் மொழிபெயர்க்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு. இரண்டு ஊரிலும் எல்லாரும் இல்லை என்றே சொன்னார்கள்.

"அப்போ உன் கையிலதான் கோளாறு," என்றார் டாக்டர் அவளிடம், என் முன்னாலேயே. "மார்ச் சோதனைக்கு லுயாண்டோகூடப் போ. அவ எப்படிச் செய்யறான்னு பாரு."

நான் கொசுக் கூண்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

முதலில் என் அம்மா வீட்டுக்குத்தான் போனோம். அண்ணி மூலையில் போர்வைக்குள் கிடந்தாள். ஏழு மாத வயிறு, இந்த மழையில் இரண்டாவது மலேரியா. அம்மா வழக்கம்போல மக்காச்சோள மூட்டைகளை நகர்த்தி, என் இடத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்திருந்தாள். மாதாமாதம் அதே இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டினேன்.

"நான் இந்தப் பக்கம் ஒண்ணு ஒட்டிப் பார்க்கட்டுமா லூ? உன் கை பக்கத்துலயே என் கை. எங்க தப்புன்னு தெரிஞ்சிடும்."

"தாராளமா ஒட்டு," என்றேன். அவள் தன் குழியைத் தானே தோண்டுகிறாள், நான் ஏன் தடுக்கப் போகிறேன்.

அவள் கதவோரம் கூம்பை ஒட்டியதும் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அடியே, அங்க ஒட்ட வேண்டாம்னு சொல்லு. அது மெழுகின இடம்."

"மெழுகினியா? எப்போ?"

"கிறிஸ்துமசுக்கு. மருந்து வெள்ளை வெள்ளையாத் திட்டுத் திட்டா வழிஞ்சு கிடந்துச்சு. உன் பெரியப்பா வீட்டு ஜனம் வந்து அதையா பார்க்கணும்?"

"மெழுகலைன்னு சொன்னியேம்மா. நான்தானே எழுதினேன்."

"மெழுகினோம்னா மருந்துக்காரன் ஏசறான். பிள்ளை பெத்தவளை எட்டு வயசுப் பிள்ளையை ஏசற மாதிரி. எவ சொல்லுவா?" அம்மாவின் முகத்தில் பெருமை ஏறியது. "உன் இடத்தை மட்டும் நான் தொடலை. மூட்டையை முட்டுக் கொடுத்து வச்சிட்டுச் சுத்திதான் மெழுகினேன். பன்னெண்டு வீட்டுலயும் சொல்லிட்டேன், எம்பொண்ணு பரீட்சை எழுதற இடம்டி, யாரும் கை வைக்காதீங்கன்னு."

நான் சுவரைப் பார்த்தேன். சாணியும் செம்மண்ணும் விரல் விரலாக வளைந்து வந்து, மூட்டை இருந்த இடத்தில் நேர்கோடாக நின்றிருந்தன. மூன்று மாதமாக என் மூக்குக்கு முன்னால் இருந்த கோடு. என் ஊர், எனக்குத் தெரியாதா என்று நான் எதையும் பார்க்கவில்லை.

சிலேஷே நிமிர்ந்தாள். எங்கள் டோங்கா மொழியில் அவளுக்கு வணக்கம் தவிர வேறொன்றும் வராது. "அம்மா என்ன சொல்றாங்க?"

"சிப்வாண்டு குடிக்கிறியான்னு கேட்கிறாங்க."

"ஐயோ, குடிக்கிறேனே," என்றாள். அம்மா அந்தப் புளித்த மக்காச்சோளக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு குவளை குடித்தாள்.

மறுநாள் காலை எண்ணினோம். என் கோப்பையில் பத்தும் செத்திருந்தன. அவளுடையதில் ஒன்பது உயிரோடு இருந்தன.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறு மாதத் தாள்களை எடுத்து அடுக்கினாள். "உனக்கு இவ்வளவு பக்கத்துல நின்னும் எனக்கு வரலை. என் கைதான். எல்லாத்தையும் தள்ளிடச் சொல்லி டாக்டர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன். உன் கணக்கு மட்டும் அறிக்கையில போகட்டும்."

ஜொஹானஸ்பர்க் என் கைக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை அடித்தால் மழைக்காலம் முழுக்கத் தாங்கும் என்று அறிக்கை போகும். அதில் என் பெயர் முதலில் இருக்கும். அண்ணி அடுத்த மழையிலும் அந்தச் சுவர்களுக்கு நடுவேதான் படுத்திருப்பாள், பிள்ளையோடு.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா மேல், மருந்துக்காரன் மேல், எல்லாவற்றையும்விட, இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க முடிகிற இவள் மேல். தோற்றால் இவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, அதில் ஜன்னலுக்கெல்லாம் வலை இருக்கிறது.

"தள்ளாதே," என்றேன். "உன் கணக்குதான் சரி. மலுண்டுலயும் மெழுகியிருப்பாங்க. எங்க ஊர்ல எனக்காக என் இடத்தை மட்டும் விட்டுட்டு மெழுகியிருக்காங்க. பன்னெண்டு வீட்டுலயும்."

அவள் அடுக்கிய தாள்களைக் கீழே வைத்தாள்.

"நேத்து அம்மா சொன்னது இதுதானா?"

"ஆமா."

"சிப்வாண்டு குடிக்கிறியான்னு கேட்டாங்கன்னு சொன்னே."

"கேட்கலை. நீ குடிக்கிறேன்னு சொன்னதும்தான் குவளையைத் தேடினாங்க."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டத் தயாராக இருந்தேன், ஆறு மாதச் சரக்கு இருந்தது என்னிடம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் பளபளத்தது. வேலை தெரிந்தவளின் கண்.

"அந்த இடம் எவ்வளவு பெருசு, லூ? அளந்தியா?"

அதை யோசித்திருக்க வேண்டியவள் நான். மெழுகிய இடமும் மெழுகாத இடமும் ஒரே சுவரில், பன்னிரண்டு வீட்டில். இப்படி ஒரு சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. செய்தது என் அம்மா.

"ரெண்டு முழம் இருக்கும்," என்றேன். "என் பேரு லுயாண்டோ."

"லுயாண்டோ," என்று சொல்லிவிட்டு, அவள் தன் நோட்டில், அந்த அழகான கையெழுத்தில், என் அம்மாவின் இரண்டு முழத்தை எழுதிக்கொண்டாள்.