குல்லாவுக்குள் ஒரு காது

மூக்கின் நுனி பெயர்ந்து விழுந்தபோது தையற்காரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் அது இல்லாமல் முகம் முடியாது என்பது உறைத்தது. உளியை வைத்துவிட்டு மண்டிபோட்டு, மேசைக்கு அடியில் கிடந்த மரச்சீவலை அள்ளி அள்ளிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் குனிந்து தேடினார்கள். கடைசியில் அது அவள் செருப்பு வாருக்குள்ளேயே சிக்கிக் கிடந்தது, ஒரு பருப்பளவு.

“மூக்கு கிடைச்சிடுச்சு!” என்று அவள் கத்தியதும் பட்டறையே சிரித்தது.

வார விடுமுறைகளில் அந்த மரப்பட்டறையில் புதியவர்களுக்குச் செதுக்கச் சொல்லித் தருவார்கள். மற்றவர்கள் இலையும் பூவுமாகப் பழகிக்கொண்டிருக்க, இவள் எடுத்த எடுப்பிலேயே ஒரு குழந்தையின் முகத்தில் கைவைத்தாள். பலகையிலிருந்து பாதி எழும்பி நிற்கும் புடைப்புச் சிற்பம். “முதல் வேலைக்கே முகமா?” என்று பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். அவள் பிடிவாதமாக இருந்தாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவர் வெல்டர். கண்ணில் அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, மகள் கர்ப்பமாக இருந்த சமயத்தில் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. பேத்தி பிறந்ததும் ஆசையாக அதன் முகத்தைத் தடவப் போனார். காய்ப்பு ஏறிய விரல் கண்ணோரத்தில் பட்டுக் குழந்தை வீரிட்டது. “பாத்துப்பா!” என்றாள் மகள். அவ்வளவுதான். அவர் கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குழந்தையை மடியில் கொடுத்தால் இரண்டு உள்ளங்கைகளையும் தட்டு மாதிரி விரித்து வைத்துக்கொள்வார். ஒரு விரலைக்கூட மடக்க மாட்டார். கேட்டால், “நான் பாத்து என்ன ஆகப்போகுது? அவ நல்லா இருந்தா சரி” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த முகத்தை எப்படியாவது அவர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று தையற்காரி நினைத்துக்கொண்டாள். மகள் அனுப்பிய ஒரு போட்டோவைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வீட்டில் “பூ செதுக்குறேன்” என்று சொல்லிவைத்தாள்.

பெயர்ந்த மூக்கில் பட்டறைக்காரர் மரப்பசை தடவி, காகித நாடாவால் இழுத்துக் கட்டினார்.

“உளியை மரத்தோட நாருக்கு எதிரா ஓட்டியிருக்கீங்க. இங்க பாருங்க, கன்னத்துலயும் பிச்சுக்கிட்டு வந்திருக்கு. எந்தப் பக்கம் வழுக்கிக்கிட்டுப் போகுதோ அந்தப் பக்கம்தான் சீவணும்.”

தினமும் துணியில் நூலோட்டம் பார்த்து வெட்டுகிறவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. திசை மாற்றிச் சீவச் சீவ, பிய்ந்த கன்னம் ஒழுங்குக்கு வந்தது. மூக்கில் மிஞ்சிய மயிரிழை விரிசலை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாள். முகத்தைச் சுற்றியிருந்த தளத்தின் மேடு பள்ளங்களை நிரவினாள். பலகையை ஜன்னலோரம் சாய்த்து வைத்ததும், பக்கவாட்டு வெளிச்சத்தில் குழந்தை சிரித்தது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

“கருப்புச் சாயம் ஒரு கோட் அடிச்சுட்டா போதும். ஒட்டுன இடம் யார் கண்ணுக்கும் தெரியாது” என்றார் பட்டறைக்காரர்.

கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பேச்சு அவளை உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் பலகையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். பகீரென்றது. அங்கே முகமே இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் ஓடியது. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி ஒரு செங்குத்து. உதடு வெறும் கீறல். போட்டோவில் எங்கெல்லாம் கருப்பாகத் தெரிந்ததோ அங்கெல்லாம் ஆழமாக வெட்டித் தள்ளியிருந்தாள். இத்தனை நாளும் குழந்தையின் மேல் விழுந்த நிழலைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். வெட்டிப்போட்ட மரத்தை எப்படித் திரும்ப வைப்பது? சில நாள் அவள் பலகையின் பக்கமே போகவில்லை. பிறகு சாய டப்பாவை மூலையில் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். பள்ளத்தை மேலே கொண்டுவர முடியாது. சுற்றியிருக்கும் மேட்டைத்தான் இறக்க வேண்டும். நெற்றியை இறக்கினாள். கன்னத்தை உருட்டி, வாய்க்காலின் கரைகளைச் சரித்தாள். நாலு சீவல் சீவுவாள், கண்ணை மூடித் தடவுவாள், மறுபடி சீவுவாள்.

ஒரு மதியம் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் பலகையின் மேல் இருந்தன.

“இது பூ இல்லையே” என்றார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. “இல்லைங்க.”

“மூக்குல ஒட்டு போட்டிருக்க.”

“எப்படிங்க தெரிஞ்சுது? எனக்கே இப்ப எங்கன்னு தெரியல!”

“காலம் பூரா ஒட்டுறதும் தேய்க்கிறதுமாத்தானே பொழைச்சேன். எங்கிட்டயா?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “யாரு, நம்ம குட்டியா?”

“ஆமாங்க.”

அவருடைய கட்டைவிரல் நெற்றியிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து தாடைக்கும் போய்ப் போய் வந்தது. “இவ்வளவு உப்புன கன்னமா!” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “இங்க ஒரு சிம்பு நிக்குது. உப்புத்தாள் எங்க வச்சிருக்க?” என்று கையை நீட்டினார்.

அன்றிலிருந்து வேலை இருவருடையதானது. கண்ணுக்கு அகப்படாத நார்ப்பிசிறையெல்லாம் அவர் விரல் கண்டுபிடிக்கும். இமை ஓரத்திலும் நாசி மடிப்பிலும் நுனிக்கத்தியால் அவள் அதை நறுக்கி எடுப்பாள். மற்ற இடங்களை அவர் தேய்ப்பார். சண்டைக்கும் குறைவில்லை. ஒருநாள் தேய்க்கிற ஜோரில் மேலுதட்டின் வளைவையே வழித்தெடுத்துவிட்டார்.

“ஐயோ, உதட்டைத் தின்னுட்டீங்களே! இது இரும்புக் கதவா, இந்தத் தேய் தேய்க்கிறீங்க?”

“வழவழன்னு வேணும்னு நீதானே சொன்ன?”

அவள் முணுமுணுத்துக்கொண்டே உதட்டை மறுபடி வெட்டினாள். அவர் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக அவர் விரல்கள் கன்னத்தைத் தாண்டிப் போய் எதையோ தேடின. “காது எங்க?”

“போட்டோவுல குட்டிக்குக் குல்லா போட்டுவிட்டிருக்காங்க.”

“அதுக்காக? குல்லாவைக் கழட்டினா காது இருக்காதா?”

“இருக்கும்தான்...”

“எப்படி இருக்கும்? என்னோடது மாதிரி விடைச்சிருக்குமா, உன்னது மாதிரி ஒட்டியிருக்குமா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ தடவை குளிப்பாட்டித் துவட்டிய காதுதான். ஆனாலும் மனதில் பிடிபடவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டு, காதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

“காதா? எதுக்கும்மா? ஏதாவது தோடு வாங்குறியா?” என்று கேட்டவள், அம்மா மழுப்பியதில் சந்தேகப்பட்டு, அடுத்த விடுமுறைக்குக் குழந்தையோடு நேரிலேயே வந்து நின்றாள்.

மேசையில் கிடந்த பலகையைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. தையற்காரி அவளை அடுத்த அறைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் சொன்னதுக்கா? எனக்கு ஞாபகமே இல்லைம்மா. முதல் குழந்தை, பயந்துபோய் ஏதோ கத்தியிருப்பேன். அதை இவ்வளவு நாள் மனசுல வச்சிருக்காரா?”

“அவர் எங்க வாயைத் திறந்தாரு? நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை அவர் மடியில் வைத்தாள். வழக்கம்போல அவர் கைகள் தட்டாக விரிந்தன. அவள் அவருடைய வலது ஆள்காட்டி விரலைப் பிடித்தாள்.

“வேணாம்மா, என் விரல் சொரசொரன்னு இருக்கும்” என்று அவர் இழுத்தார்.

“சும்மா இருப்பா. உன் மர பொம்மைக்குக் காது வேணாமா?”

விரலைக் கொண்டுபோய்க் குழந்தையின் காதில் வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மேல் மடிப்பு, உள்வளைவு, பஞ்சு மாதிரி தொங்கும் சின்ன மடல் என்று விரல் மெல்ல இறங்கியது. அதற்குள் குழந்தை அந்த விரலை இரு கையாலும் பிடித்து இழுத்து வாயில் வைத்து ஒரே கடி.

“ஆ! காதைப் பாக்க வந்தா பல்லைக் காட்டுறாளே!” என்று அவர் அலறினார். “எப்ப முளைச்சுது? யாருமே சொல்லலையே!”

“எனக்கே தெரியாதுப்பா!” என்று மகள் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். கீழ் ஈறில் அரிசி முனை மாதிரி ஒன்று வெளுப்பாகத் தெரிந்தது.

சாயங்காலம் வெல்டர் சொல்லச் சொல்லத் தையற்காரி குல்லாவின் ஓரத்தை ஒதுக்கிக் காதைச் செதுக்கினாள். மரம் அந்த இடத்தில் ஏற்கெனவே குறைவாக இருந்ததால் காது கொஞ்சம் தட்டையாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சாயம் பூசவில்லை. துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, காய்வதற்காக அலமாரி மேல் வைத்தாள். காயும்வரை யாரும் தொடக் கூடாது.

“தொடாதீங்க, கைரேகை விழுந்துடும்” என்று அவரிடம் எச்சரித்தாள்.

“எனக்கு எங்க நேரம்?” என்றார் அவர். மகள் குளிக்கப் போயிருந்தாள். மடியில் தூங்கும் குழந்தையின் பாதத்தைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.