ஐந்தாம் மாடி இரும்புக் கதவு

பிளெவென் நகரில் இருபத்திரண்டு வருஷமாகக் கதவு மாட்டுகிறேன். பழைய கதவைப் பெயர்த்ததற்கும் புதியது நிற்பதற்கும் நடுவே ஒரு மணி நேரமாவது வாசல் வெறுமனே திறந்து கிடக்கும். அந்த நேரத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை, யோர்தாங்காவின் வீட்டுக்குப் போகும்வரை.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அவளுடைய மரக்கதவு மூன்று இடத்தில் பிளந்திருந்தது. பூட்டுப் பக்கம் தகரம் வைத்து ஆணி அடித்திருந்தாள். பேக்கரியில் வேலை, நாற்பது வயதிருக்கும். விவாகரத்தான புருஷன் ஸ்தோய்ச்சோ உதைத்து உடைத்தது என்று அவளே சொன்னாள்.

"கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு காகிதம் குடுத்திருக்குண்ணே. காகிதத்த உதைக்க முடியாதே, கதவத்தான் உதைக்கிறான்."

காலை பதினொரு மணிக்குள் பழைய நிலையைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டு, இரும்பு நிலையை நிறுத்தி, ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து போல்ட் இறுக்கிவிட்டேன். புது இரும்புக் கதவு வெளியே மாடிப்படிச் சுவரில் சாய்ந்திருந்தது. சுவர் இடுக்கை அடைக்க, ஒட்டி இறுகும் நுரையைப் பீய்ச்சுகிற நுரைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. யோர்தாங்காவின் முகம் வெளுத்துவிட்டது.

ஸ்தோய்ச்சோ மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் சின்னக் கோடாலி.

"கதவு மாத்துறியாடி? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே."

நான் வாசலுக்குக் குறுக்கே நின்றேன். "தம்பி, எறங்கிப் போயிடு."

"நீ யாருய்யா? புது ஆளா?"

"கதவு மாட்ட வந்தவன்."

"அப்ப நான் உள்ள போனதுக்கப்புறம் மாட்டு."

சொன்ன கையோடு கோடாலியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தான். தடுக்கப்போன என் இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. நுரைத் துப்பாக்கி எகிறி வீட்டுக்குள் விழுந்தது. நான் கதவின்மேல் சாய, கதவு சரிந்து என் கால்களை அமுக்கியது.

அவன் உள்ளே பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, நான் நிறுத்திய இரும்பு நிலையிலேயே அவள் நெற்றியை மோதினான். இரண்டு தடவை. அவள் சுருண்டு விழுந்தாள். கோடாலியின் வெட்டுமுனையைத் திருப்பிக்கொண்டு அவன் குனிந்தான்.

தரையில் துழாவிய அவள் கைக்குத் துப்பாக்கி அகப்பட்டது. அவன் முகத்துக்கு நேரே விசையை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டாள். மஞ்சள் நுரை கண்ணையும் மூக்கையும் வாயையும் அப்பியது. துடைக்கப்போன விரல்கள் முகத்தோடு ஒட்டிக்கொண்டன. கோடாலியை விட்டுவிட்டு, மூச்சுக்குத் தவித்து, மாடு மாதிரி கதறிக்கொண்டே மண்டியிட்டான்.

அவள் எழுந்து கடப்பாரையை எடுத்தாள். முதல் அடி தோளில். இரண்டாவது அடியில் முட்டி நொறுங்கி மல்லாந்தான்.

"போதும்மா, விட்டுடு," என்றேன்.

"எது போதும்னு எனக்குத் தெரியும்."

அசையாமல் கிடந்தவனை மூன்றாவது தடவையும் அடித்தாள். பிறகு கடப்பாரையைச் சுவரோரம் வைத்துவிட்டு, ரத்தம் வழியும் முகத்தோடு அவளே போலீஸுக்குப் போன் செய்தாள்.

அவனுக்கு ஒரு கண் போனது. நாலு வருஷம் சிறை. அவளையும் விட்டுவிடவில்லை. விழுந்து கிடந்தவனை அடித்தாளா என்று போலீஸார் மூன்று மாதம் குடைந்தார்கள். சாட்சி நான் ஒருவன்தான்.

"கதவு என்மேல கெடந்துச்சுங்க. ஒண்ணும் தெரியல," என்றேன். என் வாழ்க்கையில் சத்தியம் செய்து சொன்ன ஒரே பொய். வழக்கைக் கைவிட்டார்கள்.

கோர்ட்டுக்கு வெளியே வந்ததும் யோர்தாங்கா கேட்டாள். "பாத்தீங்கதானண்ணே?"

"பாத்தேன்."

"அந்தக் கடைசி அடி தேவையில்லாதது."

"தெரியும்."

"இன்னொண்ணும் அடிச்சிருப்பேன். கை தளர்ந்துபோச்சு."

பஸ் வந்தது. அவள் வேலைக்குப் போனாள்.