ஏழாம் நம்பர் போத்தல்

நான் வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டன் அலுவிகாரைக் குகைக் கோயிலைத் தாண்டிப் பிரதான வீதியிலேயே இருக்கிறது. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. ஏலம், கறுவா, மிளகுக் கொடி, சாதிக்காய் என்று எல்லாம் காட்டிவிட்டு, கொட்டிலுக்குள் பெஞ்சுகளில் உட்காரவைத்து, இஞ்சித் தேநீர் கொடுத்த பிறகுதான் போத்தல்களை எடுப்பேன். முடி வளரும் எண்ணெய் முதலில், முழங்கால் வலித் தைலம் அடுத்து. அந்த வரிசை மாறினால் எனக்குப் பேச்சுத் தடுமாறும். ஏழாம் நம்பர் போத்தல் எப்போதும் கடைசி.

அதைக் கையில் எடுத்ததும், "கல்யாணமானவர்கள் மட்டும் கவனியுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். ஆண்கள் சிரிப்பார்கள். பெண்கள் அவர்களை முழங்கையால் இடிப்பார்கள். "இதைக் குடித்த கிழவர் ஒருவர் நேற்று எங்கள் மிளகுக் கொடியில் ஏணியில்லாமல் ஏறினார்" என்பேன். மறுபடியும் சிரிப்பு. பஸ் புறப்படும் நேரத்தில் ஒருவர், பெரும்பாலும் நம் நாட்டுக்காரர், தொப்பியை மறந்துவிட்டவர்போலத் திரும்பி வருவார். "தம்பி, அந்தக் கடைசிப் போத்தல்..." என்று இழுப்பார். நான் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

பார்க்காததற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல. லேபல் கோணலாக ஒட்டியதால் விற்க முடியாத ஏழாம் நம்பர் போத்தல்களை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. சிவநந்தினியைக் கல்யாணம் செய்த ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆடி மாதம் வாக்கில் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. ஒருநாள் களைப்பு என்று நினைத்தேன். அடுத்த முறையும் அப்படியே ஆனதும் பயம் வந்தது. பயம் வந்த பிறகு, அவள் கையைப் பிடிக்கும் முன்பே தோற்றுவிட்டேன். சாப்பிட்ட கையோடு படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, தூங்குகிறவன்போல மூச்சுவிடப் பழகினேன். வேலைக்காக நான் போகும் மாலை ஆங்கில வகுப்பில் உடம்பின் உறுப்புகளையெல்லாம் வரிசையாகப் படித்தோம். எழுந்து நின்று பிழையில்லாமல் சொன்னேன். ஆனால் சொந்தப் பெண்டாட்டியிடம் "எனக்கு முடியவில்லை" என்ற இரண்டு சொற்களைச் சொல்ல வாய் வரவில்லை.

அவளோ வேறு கணக்குப் போட்டிருந்தாள். தை மாதத்தில் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றபடியே கேட்டாள்.

"என்னாங்க, நான் ரொம்ப கருத்துட்டேனா?"

"இல்லியே. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். பேச்சை வளர்த்தால் எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும். அதனால் வெளியே போய்விட்டேன்.

மாசியில் முத்துமாரியம்மன் தேர் வந்தது. தேர் பார்க்க உடுத்திய சேலையை மடித்து வைத்த அன்றே அவள் பையையும் கட்டினாள்.

"நான் பல்லேபொலைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். வேற யாராச்சும் இருக்காங்களான்னு அம்மா கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியல. கூப்பிட வர்றதா இருந்தா காரணத்தோட வாங்க. இல்லாட்டி வராதீங்க."

"வேற யாரும் இல்ல நந்தினி."

"அப்ப என்னா இருக்கு?"

அவள் பஸ்ஸில் ஏறும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஏழாம் நம்பர்தான். காலையில் இரண்டு கரண்டி குடித்ததை நான்காக்கினேன். மாலையிலும் நான்கு. நன்றாகத்தான் இருக்கும்: கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாணி, தேன், சாதிக்காய், நீர்முள்ளி விதை. குடிக்கக் குடிக்கத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன், வெளியே போய்க்கொண்டே இருந்தேன். உடம்பு மெலிந்து, கட்டிய சாரம் இடுப்பில் நிற்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் எண்ணெய் காய்ச்சுகிற இத்ரூஸ் இதையெல்லாம் விடுகிற ஆள் இல்லை.

"என்னடா மச்சான், கலியாணம் முடிச்சா எல்லாரும் ஊதுவாங்க, நீ கரையிறாய்? மாப்பிள்ளைக்கு ஓவர்டைம் போல!"

கறுவா சீவிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருவிதத்தில் பாதுகாப்பாகக்கூட இருந்தது.

இன்னொரு நாள் அவன் என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பாக்கு மரத்தடியைக் காட்டினான். அவசரத்துக்கு நான் ஒதுங்குகிற இடம். அங்கே எறும்புகள் கும்பலாக மொய்த்திருந்தன.

"நாங்க எல்லாரும்தான் இங்க வாறோம். நீ போற எடத்துக்கு மட்டும் எறும்பு வருது. என்ன மச்சான், உள்ளுக்கு சீனி ஆலையா வச்சிருக்காய்?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். பாணியும் தேனும் உடம்பு முழுக்க ஓடித்தானே இப்படி வெளியே வருகிறது, ஆகவே மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு கரண்டி கூடவே குடித்தேன்.

பங்குனியில் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து, தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். எங்கள் முதலாளி ஜுனைதீன் ஹாஜியார்தான் முதலில் கையை நீட்டினார். என் முறை வந்தபோது, குத்த வந்த பிள்ளை மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி குத்தினாள்.

"அண்ணா, வெறும் வயித்தோடதானே வரச் சொன்னோம்?"

"வெறும் வயிறுதான். மருந்து மட்டும் குடிச்சேன்."

"என்ன மருந்து?"

"சத்து மருந்து."

அவள் ஒரு துண்டுச் சீட்டை எழுதித் தந்து, அடுத்த நாளே ஆஸ்பத்திரிச் சீனி வியாதிக் கிளினிக்குக்குப் போகச் சொன்னாள்.

கிளினிக்கில் ஒரு நடைமுறை இருக்கிறது. டொக்டருக்கு நேரம் வீணாகக்கூடாது என்பதற்காக, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரை உள்ளே எடுத்து, சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். நான் டொக்டர் றாபியாவுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் ஐயாவு அண்ணன். எங்கள் தெரு முனையில் த்ரீவீல் ஓட்டுகிறவர். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வந்ததே அவருடைய வண்டியில்தான். என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

டொக்டர் தாகத்தைப் பற்றிக் கேட்டார், கண் பார்வையைக் கேட்டார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கல்யாணம் முடிச்சிட்டீங்களா? குடும்ப வாழ்க்கையில ஏதும் பிரச்சினை?"

என் முதுகுக்குப் பின்னால் ஐயாவு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இல்ல, டொக்டர்" என்றேன்.

மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இவர்களிடமும் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். எல்லோரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் நின்றோம், பத்திரிகைத் தாளில் போத்தல் வாங்குகிற ஆட்கள் மாதிரி. அப்போதுதான், அந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர் என்று தோன்றியது. ஒருத்தி பல்லேபொலையில் இருக்கிறாள். அவளுக்குச் சொல்லவில்லை. மற்றவர் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

வரிசையை விட்டு விலகித் திரும்பி நடந்தேன். வாசலில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி கையை நீட்டித் தடுத்தார்.

"திரும்ப எங்க போறீங்க? ஒங்க நம்பர் முடிஞ்சிருச்சே."

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், மிஸ்ஸி."

"என்ட கிட்ட சொல்லுங்க, நான் சொல்றேன்."

"நான்தான் சொல்லணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழிவிட்டார். உள்ளே நாற்காலியில் ஐயாவு அண்ணன். பெஞ்சில் புதிதாக ஒருவர். நான் நின்றபடியே, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், ஒரே மூச்சில் சொன்னேன்.

"டொக்டர், நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேன். பிரச்சினை இருக்கு. ஆடி மாசத்துல இருந்து என்னால முடியல. வைஃப் அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் அவங்களுக்கும் சொல்லல."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். அவர் வாயைத் திறக்கும் முன் ஐயாவு அண்ணன் பேசினார்.

"டொக்டர், என்கிட்டயும் இப்பதான் கேட்டீங்க, நானும் இல்லன்னு சொன்னேன்." என் பக்கம் கையைக் காட்டினார். "நேத்துப் பொறந்த பொடியன் சொல்லிட்டான். எனக்கும் அதேதான். ரெண்டு வருஷம்."

பெஞ்சில் இருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்ட முறை வரட்டும், நானும் பேசுறேன்" என்றார்.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கேலியான சிரிப்பு இல்லை.

"ஒவ்வொரு கிளினிக்லயும் எல்லா ஆம்பளைங்ககிட்டயும் கேக்குறேன். எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் மூணு பேர் வாயத் தொறந்திருக்கீங்க. இருங்க தம்பி, உக்காருங்க."

சீனி கூடினால் நரம்பும் இரத்தக் குழாயும் பழுதாகும் என்றும், சிலருக்கு அது முதலில் தெரிவதே இந்த இடத்தில்தான் என்றும் சொன்னார். பழுது என் ஆண்மையில் என்று சொல்லவில்லை, உடம்பில் என்றார். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்.

"வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?"

"எங்க தோட்டத்து மருந்து, டொக்டர். இதுக்குன்னே செய்றது."

"அதுல என்ன இருக்கு?"

சொன்னேன். கொட்டிலில் சொல்கிற அதே வரிசையில் சொன்னேன். கித்துள் பாணி என்று சொல்லும்போதே அவர் கை நெற்றிக்குப் போய்விட்டது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"எட்டுக் கரண்டி. மேசைக்கரண்டி."

"அல்லாஹ்வே!" என்றார் டொக்டர். ஐயாவு அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் எனக்கு எறும்புகள் ஞாபகம் வந்தன.

அன்றைக்கே பல்லேபொலை பஸ்ஸில் ஏறினேன். நந்தினி வீட்டு முற்றத்தில் பாயில் மிளகு காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். மாமியார் வாசலில் வந்து நின்று, என் கையில் பழமும் இல்லை, பலகாரமும் இல்லை, ஆஸ்பத்திரி உறைதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"காரணத்தோட வந்திருக்கேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, ஐயாவு அண்ணன், எட்டுக் கரண்டி, எறும்பு என ஒன்றையும் விடவில்லை. அவள் மிளகைக் கிளறுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஐயாவு அண்ணனுக்குத் தெரியும். பெஞ்சில இருந்த ஆளுக்குத் தெரியும். எறும்புக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியல. இவ்வளவு நாளும் நான் கண்ணாடியில என் மொகத்தில என்னா கொறன்னு தேடிக்கிட்டிருந்தேன்!"

"தெரியும். அதுதான் எனக்கு..."

"என்னா தெரியும்? உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "எட்டுக் கரண்டியா?" என்றாள்.

"எட்டு."

"பாணியா?"

"பாணியும் தேனும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்க் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பார்த்து, "அம்மா, இவருக்குச் சீனி போடாம பிளேன்டீ ஊத்துங்க!" என்று கத்தினாள். அன்று மாலை பஸ்ஸில் அவள் பையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போத்தல் நின்றது. சோறு குறைந்தது. மாத்திரை தொடர்ந்தது. வேலை முடிந்து இருவரும் அலுவிகாரை வரை நடந்து போய் வந்தோம். சீனி மெல்ல மெல்ல இறங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டேன். முடியாத நாளில் முடியவில்லை என்று சொன்னேன். அவளும், "சரி, கதைச்சிக்கிட்டு இருப்போம்" என்றாள். பயம் போனபின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

கொட்டிலில் என் பேச்சையும் மாற்றினேன். மிளகுக் கொடியில் ஏறுகிற கிழவரை விட்டுவிட்டேன். "இதை வாங்குவதற்கு முன் இரத்தத்தில் சீனி பார்த்துவிட்டு, டொக்டரிடம் காட்டுங்கள்" என்கிறேன். குரலையும் தாழ்த்துவதில்லை. ஹாஜியார் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"உதயராஜ், நீ என்ட ஆளா, ஆஸ்பத்திரி ஆளா? யாவாரத்துல மண்ணப் போடுறாய்."

"ஹாஜியார், இதக் குடிச்சுத்தான் நான் கரைஞ்சேன்."

அவர் தாடியைத் தடவினார். பிறகு இத்ரூஸ் தூரத்தில் நிற்கிறானா என்று பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்த டொக்டர் எந்தக் கிழமை?"

மறுநாளே ஏழாம் நம்பரின் லேபலில், சீனி வருத்தக்காரர் குடிக்கக்கூடாது என்று ஒரு வரி ஏறியது.

ஆவணியில் கிளினிக்குக்குப் போனபோது நந்தினியும் என்னோடு வந்தாள். டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பெஞ்சில் ஐயாவு அண்ணன், பக்கத்தில் அவர் த்ரீவீலில் கூட்டிவந்த இன்னொருவர். டொக்டர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"குடும்ப வாழ்க்கையில ஏதும் பிரச்சினை?"

நான் வாயைத் திறப்பதற்குள் நந்தினி முந்திக்கொண்டாள்.

"இல்ல, டொக்டர்."

பெஞ்சிலிருந்து ஐயாவு அண்ணன் சிரித்த சிரிப்பு மருந்து ஜன்னல் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.