சாக்கடை மூடிக்கு ஒரு ஸ்கீமா

அந்த வடிகால் அலுவலகத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் நீளும் எதிலும் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். குழாய், குழி, தெரு, புகார் என்று அவர்களுடைய தகவல் எதுவானாலும் அதில் என்னென்ன இருக்கலாம், என்னென்ன கூடாது என்று விதி சொல்லும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை வேறு யாராவது நாலு ஃபைலில் முடித்திருப்பார்கள். இவர்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஆயிரத்து நூற்று நாற்பது ஃபைல் எழுதினார்கள். இடப்பக்கம் திரும்பும் குழாய்க்கு ஒரு ஃபைல், வலப்பக்கம் திரும்பும் குழாய்க்கு ஒரு ஃபைல்.

அத்தனையையும் நிரல் எழுதும் மென்பொருளுக்குள் இம்போர்ட் செய்யும் வேலை, அவர்களுக்கு நிரல் எழுதித் தரும் கம்பெனியில் தீப்பெட்டியின் தலையில் விழுந்தது. அது அவளுக்கு ஆபீசில் வைத்த பெயர். ஆளும் சிறிசு, உரசினால் பற்றிக்கொள்ளவும் செய்வாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் வாடகைக்குப் பார்த்திருந்த ஒரு வீட்டு வாசலில் நிற்கவேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் சாவி, ஐந்து அடித்துவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக மாமனார், மாமியார், நாத்தனார் எல்லோருடனும் ஒரே அறையில் இருக்கிறாள். நாத்தனாரின் தையல் மெஷினுக்கு அடியில் கால் நீட்டித்தான் தூக்கம். மேனேஜரோ, திரையில் பிழை என்று காட்டும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லாமல் காட்டிவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு ஃபைலும் இன்னொன்றைக் கேட்டது. குழி தெருவைக் கேட்டது, தெரு குழாயைக் கேட்டது, குழாய் திரும்பவும் குழியைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் மென்பொருள், 'அந்த ஃபைல் எங்கே?' என்று ஒரு பெட்டியைத் திறந்து முகத்துக்கு நேரே நீட்டியது. அவள் அமுக்கிய அமுக்கில் மௌஸ் சூடேறி, பக்கத்து இருக்கைக்காரர் ஆறிப்போன காபியை அதன் மேல் வைத்து எடுத்தார்.

மூன்று மணிக்கு விஷயம் பிடிபட்டது. வந்த ஃபைல்கள் பட்டியலைவிட ஒன்று குறைவு. சாக்கடை மூடிக்கான ஃபைல் இல்லை. மூடி இல்லாததால் குழி சிவப்பு, குழியால் தெரு சிவப்பு, அப்படியே மொத்தக் கூட்டமும் சிவப்பு.

வடிகால் அலுவலகக் கண்காணிப்பாளரைப் போனில் பிடித்தாள்.

"மூடி ஃபைல் வரல சார்."

"வராதும்மா. இன்னும் கையெழுத்தாகல."

"எப்ப ஆகும்?"

"மூடி குழியோடதா, ரோட்டோடதான்னு ரெண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை நடக்குது. ஒம்பது வருஷமாச்சு. இப்பதான் கொஞ்சம் முன்னேற்றம், ஒரே ரூம்ல உக்கார்றாங்க."

போனை வைத்ததும் கணவன் கூப்பிட்டான். "எங்க இருக்கே? அடுத்த பார்ட்டி கேட்டாண்ட வந்து நிக்குது. வீட்டுக்காரர் வேற வாட்சையே பாக்குறாரு."

"சாக்கடைக்கு மூடி தேடிட்டு இருக்கேங்க. ஏன்னு கேக்காதீங்க, கடிச்சிருவேன்."

அவன் கேட்கவில்லை. இரண்டு வருடமாக ஒரே அறை, அவனுக்கும் அனுபவம் உண்டு.

தீப்பெட்டி விறுவிறுவென்று மூடி ஃபைலைத் தானே எழுதினாள். மொத்தம் ஐந்து வரி. மூடி என்று ஒன்று உண்டு, அதற்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சேமித்ததும் ஆயிரத்து நூற்று நாற்பதிலும் சிவப்பு போய்விட்டது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

"நீயா எழுதினா எப்படிம்மா? அவங்க சரின்னு சொல்லணும்ல."

மணி நாலு. பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைலை அனுப்பிவிட்டு, மறுபடி கண்காணிப்பாளருக்குப் போன் போட்டாள்.

"மூடி யாரோடதுன்னு போட்டிருக்கீங்க?" என்றார் அவர்.

"யாரோடதுன்னும் போடல சார். எது வேணா இருக்கலாம்னு போட்டிருக்கேன்."

"ஒரு பக்கத்துக்குள்ள அடங்குமா?"

"அஞ்சு வரி."

அந்தப் பக்கம் நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. குழிப் பிரிவு படித்துவிட்டுத் தான் ஜெயித்ததாக நினைத்தது. ரோட்டுப் பிரிவும் அப்படியே நினைத்தது. பதினோரு நிமிடத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. தீப்பெட்டி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலில் போய் நின்றாள். வீட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அடுத்த பார்ட்டி முணுமுணுத்துக்கொண்டே போனது. பூட்டில் சாவியை நுழைக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார்.

"அம்மா, உன் ஃபைல் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இவ்வளவு சீக்கிரம் கையெழுத்தான ஃபைலே கிடையாதாம்."

"சரி சார்."

"அதனால மிச்சம் எல்லாத்தையும் அதே மாதிரி மாத்தி எழுதுறாங்களாம். குழிக்குள்ள எது வேணா இருக்கலாம், குழாய்க்குள்ள எது வேணா இருக்கலாம்னு. நாளைக்குக் காலைல அனுப்பிடுவாங்க. நீ முதல்லேருந்து இம்போர்ட் பண்ணிடும்மா."

எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் அதற்குப் பெயர் ஸ்கீமாவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள், சொல்லாமல் மூடிக்கொண்டாள். கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"உள்ள போலாமா?" என்றான் மெதுவாக.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் வெளியில நின்னு கத்திட்டு வரேன்."